கடற்படை ஓய்வூதியம்: வயதான பெற்றோருக்காகப் பிள்ளைகள் முடித்து வைக்க வேண்டிய வேலைகள்

இந்தியக் கடற்படையில் மாலுமியாக இருந்து ஓய்வு பெற்றவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? வயது 75-ஐத் தாண்டிவிட்டதா? மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் பணம் விழுகிறது, இதில் நாம் பார்க்க என்ன இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அப்பாவுடைய ஓய்வூதியக் காகிதங்களை நான் கையில் எடுத்தபோதுதான், இவ்வளவு ஓட்டைகளோடு இத்தனை வருடம் இது எப்படி ஓடியது என்று தோன்றியது. ஒவ்வொன்றாக அடைக்க நிறைய அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கீழே உள்ள வேலைகளில் பாதிக்கு மேல், அப்பா உயிரோடு இருந்து, அவர் கையெழுத்துப் போட முடிகிற நிலையில் இருந்தால்தான் சுலபமாக முடியும். பிறகு அம்மாதான் அலைய வேண்டியிருக்கும்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இதற்காக அப்பாவின் சம்பளத்தில் சந்தா பிடிக்கவில்லை. தனி நிதி எதுவும் இல்லை. ஆண்டுதோறும் மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கென்று ஒதுக்கும் பணத்திலிருந்து நேராக வருகிறது. 2025-26 பட்ஜெட்டில் அந்த ஒதுக்கீடு 1,60,795 கோடி ரூபாய். முப்படைகளையும் சேர்த்து ஏறக்குறைய 34 லட்சம் ஓய்வூதியர்களுக்கு. ஆகவே நீங்கள் யாரிடமும் சலுகை கேட்டு நிற்கவில்லை. எந்த கவுன்டரிலாவது குரல் உயர்ந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் காகிதங்களை ஓரிடத்தில் சேருங்கள்

பழைய டிரங்குப் பெட்டி, பீரோவின் அடித்தட்டு, சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் உறை, எல்லாவற்றையும் பாருங்கள். தேட வேண்டியவை இவை:

- டிஸ்சார்ஜ் புத்தகம் என்று அவர்கள் சொல்லும் படைவிலகல் சான்று
- பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணை. முதல் ஆணை மட்டும் போதாது. பிறகு வந்த திருத்த ஆணைகள் அத்தனையும் வேண்டும்
- முன்னாள் படைவீரர் அடையாள அட்டை
- அப்பா, அம்மா இருவரின் ஆதார், பான் அட்டை, வாக்காளர் அட்டை
- ஓய்வூதியம் வரும் கணக்கின் பாஸ் புத்தகம்
- அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்த பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம். இல்லையென்றால் இந்த வாரமே ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போய் எடுத்துவிடுங்கள்

டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஐந்து விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: சர்வீஸ் எண், அதன் கடைசியில் வரும் எழுத்து, ஓய்வு பெறும்போது இருந்த பதவி, குரூப் (சம்பளத்துக்காக வகுத்த தொழிற்பிரிவு), ஓய்வூதியத்துக்குத் தகுதியான பணிக்காலம். எந்தக் கடிதம் எழுதினாலும் இவை வேண்டும். எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுக்காமல் ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக வைத்துக்கொள்ளுங்கள். மங்கலாக எடுத்த படம் என்பதற்காகவே விண்ணப்பம் திரும்பி வருவதுண்டு.

2. எதற்கு யாரிடம் போவது

பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் இது. எந்தச் சந்தேகம் வந்தாலும் வங்கிக்கு ஓடுகிறார்கள். முன்பு வங்கியே ஓய்வூதியத்தைக் கணக்கிட்டுக் கொடுத்த காலத்தில் அது சரி. இப்போது ஓய்வூதியம் ஸ்பர்ஷ் என்ற அமைப்பின் வழியாக நேரடியாகக் கணக்கில் வந்து விழுகிறது. ஸ்பர்ஷுக்கு மாறிய ஓய்வூதியரைப் பொறுத்தவரை வங்கி வெறும் கணக்கு வைத்திருக்கும் இடம். மேலாளர் நல்லவராகவே இருந்தாலும் தொகையில் ஒரு ரூபாயைக்கூட அவரால் மாற்ற முடியாது.

பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஓய்வூதிய முதன்மை அலுவலகம்தான் ஸ்பர்ஷை நடத்துகிறது. பணம் வராமல் நின்றால், குறைந்தால், தொகை தவறாக இருந்தால் கேட்க வேண்டிய இடம் அது. இலவசத் தொலைபேசி எண் 1800-180-5325.

மாலுமிகளின் பணிப் பதிவேடுகள் மும்பை மான்குர்டில் உள்ள பியூரோ ஆஃப் செய்லர்ஸ் வசம் இருக்கின்றன. பெயர், பிறந்த தேதி, திருமணம், குழந்தைகள், பதவி, பணிக்காலம் இவற்றில் பிழை என்றால் அதைத் திருத்த வேண்டியவர்கள் அவர்கள். நாவ்பென் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கடற்படை ஓய்வூதிய அலுவலகமும் மான்குர்டில்தான். தரைப்படை ஓய்வூதியர்கள் சொல்லும் ரெக்கார்ட் ஆபிஸ் யோசனைகளைக் கேட்டுக்கொண்டு வேறு ஊருக்குக் கடிதம் போடாதீர்கள். அவர்கள் வழி வேறு.

உள்ளூரில் உங்களுக்குத் துணை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். கையொப்பச் சான்று, பரிந்துரைக் கடிதம், சரியான முகவரிக்கு அனுப்பிவைப்பது என்று நிறைய செய்து தருவார்கள். காலை நேரத்தில் போங்கள், எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள்.

3. ஸ்பர்ஷ் கணக்கைத் திறந்து உள்ளே பாருங்கள்

ஸ்பர்ஷுக்கு மாற்றப்பட்ட ஒவ்வொரு ஓய்வூதியருக்கும் புதிய 12 இலக்க பி.பி.ஓ. எண் ஒன்று இருக்கும். பழைய ஆணையில் இருப்பது வேறு எண். இந்தப் புதிய எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணைத் தெரிவித்த குறுஞ்செய்தி தொலைந்துபோய்விட்டது, எண் தெரியாது என்றால் ஸ்பர்ஷ் சேவை மையத்துக்குப் பழைய ஆணையையும் ஆதாரையும் கொண்டுபோனால் கண்டுபிடிக்க உதவுவார்கள்.

இந்தச் சேவை மையங்கள் பல வங்கிக் கிளைகளிலும், சி.எஸ்.சி. எனப்படும் பொதுச் சேவை மையங்களிலும் இயங்குகின்றன. ஓய்வூதியருக்கு இந்தச் சேவை இலவசம். மையத்துக்கான கட்டணத்தைத் துறையே ஏற்கிறது. ‘சர்வர் சார்ஜ்’, ‘என்ட்ரி சார்ஜ்’ என்று கேட்டால் ரசீது கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

உள்ளே நுழைந்ததும் முதலில் கைபேசி எண்ணைப் பாருங்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகன் ஊருக்கு வந்திருந்தபோது கொடுத்த எண் அங்கே இருக்கும். அந்த சிம் எப்போதோ செத்துப்போயிருக்கும். ஓ.டி.பி. அங்கேதான் போகும். பெற்றோருடன் ஒரே வீட்டில் இருப்பவரின் எண்ணைப் பதியுங்கள். அடுத்து வங்கிக் கணக்கு எண், பான், ஆதார், முகவரி. பிறகு பதவி, குரூப், பணிக்காலம், பிறந்த தேதி ஆகியவற்றை டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பழைய பதிவேடுகளிலிருந்து லட்சக்கணக்கான பேரின் விவரங்களை மொத்தமாக ஏற்றும்போது எழுத்துகள் இடம் மாறியிருக்கும், சில இடங்கள் வெறுமையாகவே இருக்கும்.

ஓய்வூதியம் மாதத்தின் கடைசி வேலை நாளில் வரும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் மாதத்தின் முதல் வேலை நாளில். மார்ச் 31 அன்று ‘பணம் வரவில்லை’ என்று பதறி மையத்துக்கு ஆட்டோ பிடிக்க வேண்டாம்.

4. அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும்

மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஓய்வு பெற்றவர்களின் ஆணைகளில் மனைவியின் பெயர் ஏதோ ஒரு எழுத்தர் காதில் விழுந்தபடி இருக்கும். ஆதாரில் சுப்புலட்சுமி, பி.பி.ஓ.வில் வெறும் லட்சுமி. ஆதாரில் லெட்சுமி அம்மாள், பி.பி.ஓ.வில் ‘அம்மாள்’ என்பது தனிப் பெயராக முன்னால் போயிருக்கும். நம் ஊர் இனிஷியல் பழக்கம் இன்னொரு தலைவலி. அப்பாவின் பெயருக்கு முன்னால் இருந்த ஓர் எழுத்தை மும்பையில் விரித்து எழுதி, தாத்தாவின் பெயரையே அப்பாவின் பெயராக்கி வைத்திருப்பார்கள். பிறந்த தேதி இருக்க வேண்டிய கட்டத்தில் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. சிலருக்கு மனைவியின் பெயரே ஏறியிருக்காது. முதல் மனைவி இறந்து இரண்டாவது திருமணம் செய்தவர்களின் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது.

அப்பா இருக்கும் வரை இதனால் ஒரு தொந்தரவும் இல்லை, அவருடைய ஓய்வூதியம் வந்துகொண்டே இருக்கும். அவர் கண் மூடிய மறு வாரம்தான் விஷயம் தெரியும். குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போகும் அம்மாவிடம், ஆணையில் இருக்கும் அந்தப் பெண் நீங்கள்தான் என்று நிரூபியுங்கள் என்பார்கள். அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி போய்ச் சேர்ந்திருப்பார்.

செய்ய வேண்டியது: அப்பா கையெழுத்திட்டு, பெயரைத் திருத்தவும் பிறந்த தேதியைச் சேர்க்கவும் கோரி ஒரு விண்ணப்பம். அதோடு இரண்டு பெயரும் ஒரே நபரைக் குறிப்பவை என்று நோட்டரி முன்பு எழுதிய பிரமாணப் பத்திரம், சேர்ந்து எடுத்த புகைப்படம், அம்மாவின் ஆதார் நகல், வயதுக்கான ஆவணம், அப்பாவின் பி.பி.ஓ. நகல், டிஸ்சார்ஜ் புத்தக நகல். வயதுக்கு ஆதார், பான், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ் போன்றவற்றில் இருப்பதைக் கொடுக்கலாம். பள்ளிக்கூடப் படியே ஏறாத அம்மாக்களுக்கு ஆதாரும் பானும்தான் கதி. அந்த இரண்டிலும் ஒரே தேதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்றில் ஜனவரி 1, மற்றதில் வேறு தேதி என்றிருந்தால் அதைச் சரிசெய்த பிறகே விண்ணப்பத்தை அனுப்புங்கள். திருமணமே பதிவாகவில்லை என்றால் திருமணச் சான்றும் வேண்டியிருக்கும்.

இந்தக் கட்டை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காட்டிச் சரிபார்த்து, அவர்கள் வழியாகவே பியூரோ ஆஃப் செய்லர்ஸுக்கு அனுப்புங்கள். தனியாக அனுப்பினால் ஸ்பீட் போஸ்ட், ரசீதை விட்டுவிடாதீர்கள். ஸ்பர்ஷிலும் கோரிக்கை எழுப்பலாம், ஆனால் பணிப் பதிவேடு சம்பந்தப்பட்ட மாற்றங்கள் மும்பையின் ஒப்புதல் இல்லாமல் நகராது. இதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். முடிந்ததற்கு அடையாளம், கையில் வரும் திருத்த ஆணை. ‘ஃபார்வேர்டு செய்துவிட்டோம்’ என்ற பதிலை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

மாற்றுத்திறனாளி மகனோ மகளோ இருந்தால், பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே அரசு மருத்துவச் சான்றோடு அவர்களின் பெயரையும் ஆணையில் சேர்த்துவிடுங்கள். பெற்றோருக்குப் பின் அவர்களுக்கு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. விதவையான, விவாகரத்தான, திருமணமாகாத மகள்களுக்கும் வருமான வரம்புக்கு உட்பட்டு உரிமை இருக்கிறது. விவாகரத்து வழக்கு பெற்றோர் இருவரில் ஒருவராவது உயிரோடு இருந்தபோதே தொடங்கியிருக்க வேண்டும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

5. வாழ்நாள் சான்றிதழ்

ஆண்டுக்கு ஒரு முறை, பொதுவாக நவம்பரில். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். உங்களுக்கான கெடு தேதி ஸ்பர்ஷ் பக்கத்தில் இருக்கும். ஊரார் சொல்வதை விட்டு அதைப் பின்பற்றுங்கள். கெடு தாண்டினால் ஓய்வூதியம் நிற்கும். சான்று கொடுத்ததும் நிலுவையோடு திரும்ப வரும் என்றாலும், மருந்துச் செலவு அதுவரை காத்திருக்காது.

வீட்டிலிருந்தே செய்வதுதான் உத்தமம். ஆண்ட்ராய்டு கைபேசியில் ஜீவன் பிரமாண் செயலி ஒன்று, ஆதார் ஃபேஸ் ஆர்.டி. செயலி ஒன்று, இரண்டையும் இறக்குங்கள். செலவு இல்லை. கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன விரல்களில் ரேகை விழாது. கைரேகைக் கருவியோடு மல்லுக்கட்டுவதைவிட முகம் காட்டுவது மேல். அதிலும் ஒரு சங்கடம் உண்டு. செயலி கண்ணைச் சிமிட்டச் சொல்லும். அப்பாவைத் திண்ணையில் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, ‘இப்போது சிமிட்டுங்கள்’ என்று நான் சொன்னால், அவர் கடற்படைப் புகைப்படத்துக்கு நிற்பதைப் போலக் கண்ணை அகல விரித்துக்கொண்டு அசையாமல் இருப்பார். பச்சை வட்டம் வருவதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும். பின்னால் வெள்ளைச் சுவர், முன்னால் பகல் வெளிச்சம், காலை நேரம்: இந்த மூன்றும் இருந்தால் பெரும்பாலும் நடந்துவிடும்.

செயலியில் நிரப்பும்போது கவனிக்க வேண்டிய இடங்கள்:

- பி.பி.ஓ. எண் என்ற இடத்தில் ஸ்பர்ஷ் எண்ணைக் கொடுங்கள், பழையதை அல்ல
- ஓய்வூதியம் அனுமதித்தவர் என்ற இடத்தில் பாதுகாப்புத் துறையின் மும்பைக் கடற்படைக் கணக்கு அலுவலகம் (பி.சி.டி.ஏ. நேவி, மும்பை)
- வழங்குபவர் என்ற இடத்தில் ஸ்பர்ஷ் என்று தொடங்கும் வரி. இங்கே உங்கள் வங்கியைத் தேர்ந்தெடுத்தால் சான்று வங்கிக்குப் போய்விடும், ஓய்வூதிய அலுவலகத்துக்கு வராது
- அப்பா என்றால் பணி ஓய்வூதியம், கணவரை இழந்த அம்மா என்றால் குடும்ப ஓய்வூதியம். மாற்றிப் போட்டால் நிராகரிப்பு

எல்லாம் முடிந்ததும் பிரமாண் எண்ணோடு குறுஞ்செய்தி வரும். சான்று உருவாகிவிட்டது என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி, ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதற்கு அல்ல. சில நாள் கழித்து ஸ்பர்ஷில் அடுத்த கெடு தேதி மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டில் கைபேசி வசதி இல்லையென்றால் தபால்காரர் வீட்டுக்கே வந்து செய்து தருவார். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியின் இந்தச் சேவைக்கு 70 ரூபாய். படுத்த படுக்கையாக இருந்து முகமும் ரேகையும் பதியாதவர்களுக்குக் காகிதச் சான்று வழி இருக்கிறது. படிவத்தை ஸ்பர்ஷிலிருந்து எடுத்து, அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர், வங்கி மேலாளர் போன்ற தகுதியுள்ளவரிடம் நேரில் காட்டிக் கையொப்பமும் முத்திரையும் பெற்று, பதிவேற்ற வேண்டும்.

6. 80-ஐத் தொடும்போது கூடுதல் ஓய்வூதியம்

80 வயதில் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும். 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50 சதவீதம், 100-இல் முழுதாக 100 சதவீதம். இவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டப்படுவதில்லை. 85 ஆனதும் 20 போய் 30 வரும். பிறந்த நாள் மாதக் கடைசியில் வந்தாலும் அந்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்தே கிடைக்க வேண்டும்.

இந்தக் கூடுதல் தொகைக்கும் அகவிலைப்படி உண்டு. அடிப்படை ஓய்வூதியம் 20,000 என்று வையுங்கள். 2025 ஜூலையில் இருந்த 58 சதவீத அகவிலைப்படியோடு கணக்கிட்டால் 31,600 வரும். 80 வயது ஆனதும் அடிப்படை 24,000 என்று கணக்காகி 37,920 வர வேண்டும். மாதம் 6,320 ரூபாய் வித்தியாசம். பிறந்த தேதி ஸ்பர்ஷில் தவறாக இருந்தாலோ வெறுமையாக இருந்தாலோ இது வராது, யாரும் கூப்பிட்டுச் சொல்லவும் மாட்டார்கள். அப்பா 80-ஐக் கடந்து சில வருடம் ஆகியும் கூடவில்லை என்று இப்போதுதான் கண்டுபிடிக்கிறீர்கள் என்றாலும் பரவாயில்லை, நிலுவையோடு கேளுங்கள்.

7. மாதத் தொகை சரியா

ஸ்பர்ஷில் மாதச் சீட்டை இறக்கிப் பாருங்கள். மூன்று இடங்களை மட்டும் பார்த்தால் போதும்.

கம்யூட்டேஷன்: ஓய்வு பெறும்போது ஒரு பகுதியை மொத்தமாக வாங்கியிருப்பார், அதற்காக மாதாமாதம் பிடிப்பார்கள். 15 ஆண்டு முடிந்ததும் பிடித்தம் நிற்க வேண்டும். 75 வயது மாலுமிக்கு இன்னும் பிடித்துக்கொண்டிருந்தால் ஏதோ தவறு.

ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்: எப்போது ஓய்வு பெற்றிருந்தாலும், ஒரே பதவியில் ஒரே பணிக்காலம் முடித்தவர்களுக்கு ஒரே தொகை என்ற திட்டம் இது. 2014 ஜூலை 1-இல் தொடங்கி, 2019, 2024 ஜூலை மாதங்களில் திருத்தப்பட்டது. தொகை பதவி, குரூப், பணிக்காலம் ஆகிய மூன்றையும் பொறுத்தது. அட்டவணைகள் இணையத்தில் கிடைக்கும். மாலுமிகளுக்கான அட்டவணையில் உங்கள் வரியைப் பாருங்கள். பக்கத்து வீட்டுத் தரைப்படை ஹவில்தாரின் தொகையோடு ஒப்பிட்டு மனம் நொந்துபோக வேண்டாம்.

அடிப்படை ஓய்வூதியம் 9,000-க்குக் கீழே இருக்கவே கூடாது. குடும்ப ஓய்வூதியத்துக்கும் அதுவே குறைந்தபட்சம்.

8. அப்பா காலமானால்

எழுதவே கை வரவில்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் தாமதக் கட்டணம் இல்லை. பதிவதற்கு முன்பே பெயர் பி.பி.ஓ.விலும் ஆதாரிலும் உள்ளபடி இருக்கிறதா என்று படிவத்தில் பாருங்கள். மருத்துவமனை எழுதிக் கொடுத்த கூப்பிடு பெயரே சான்றிதழில் ஏறிவிட்டால் திருத்துவது பெரும்பாடு. இறப்புச் சான்றிதழ் நகல்கள் நிறையத் தேவைப்படும்.

அடுத்து ஸ்பர்ஷில் இறப்பைத் தெரிவிக்க வேண்டும். சேவை மையத்திலும் செய்யலாம். இறப்புச் சான்றிதழ், அம்மாவின் ஆதார், பான், வங்கி விவரம் வேண்டும். அம்மாவின் பெயர் ஆணையில் சரியாக இருந்தால் குடும்ப ஓய்வூதிய வேலை இதிலிருந்தே தொடங்கிவிடும். நான்காவது படியை ஏன் அப்படி வலியுறுத்தினேன் என்று இங்கே புரியும். கணக்கு முன்பே இருவர் பெயரிலும் கூட்டாக இருந்தால் இன்னொரு சிக்கல் குறையும்.

இறந்த நாள் வரைக்குமான ஓய்வூதியம் அவருடையது. மறுநாளிலிருந்து குடும்ப ஓய்வூதியம். தகவல் போய்ச் சேர்வதற்குள் அடுத்த மாத ஓய்வூதியம் கணக்கில் விழலாம். ஏ.டி.எம். அட்டை கையில் இருக்கிறதே என்று எடுத்துக் காரியச் செலவுக்குப் பயன்படுத்தாதீர்கள். திரும்பப் பிடித்தே தீருவார்கள். அவருக்குச் சேர வேண்டிய நிலுவை நியமனதாரருக்குப் போகும். நியமனம் இல்லையென்றால் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கிய பிறகே நகரும். எனவே நியமனத்தை இன்றே பாருங்கள்.

தொகை எவ்வளவு குறையும் என்று அம்மாவிடம் முன்பே சொல்லி வைப்பது நல்லது. ஓய்வு பெற்று நெடுநாள் கழித்து இறந்தவரின் மனைவிக்கு இறுதிச் சம்பளத்தில் 30 சதவீதம். அதாவது ஓய்வூதியத்தில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு. வயதுக்கான கூடுதலும் அம்மாவின் வயதைப் பொறுத்ததே. அப்பாவுக்கு 86 வயது, அடிப்படை 20,000 என்றால் 30 சதவீதக் கூடுதலோடும் அகவிலைப்படியோடும் 41,080 வந்துகொண்டிருக்கும். அம்மாவுக்கு 78 வயது என்றால் 12,000-மும் அகவிலைப்படியும், மொத்தம் 18,960. அவருக்கு 80 ஆகும்போதுதான் 20 சதவீதம் சேரும், அதுவும் பிறந்த தேதி ஆணையில் இருந்தால்.

9. ஓய்வூதியமே இல்லாத மாலுமிகள்

15 ஆண்டு முடிக்காமல் வெளியே வந்தவர்களுக்குப் பணி ஓய்வூதியம் இல்லை. அவர்களில் பலருக்கு வேறு உதவி இருப்பதே தெரியாது. 65 வயதைத் தாண்டிய, பெட்டி ஆபிசர் வரையிலான பதவியில் இருந்து ஓய்வூதியம் இல்லாமல் வறுமையில் வாழும் முன்னாள் மாலுமிக்கோ அவருடைய விதவைக்கோ மத்திய அரசின் முன்னாள் படைவீரர் நல வாரியமான கேந்திரிய சைனிக் போர்டு மூலம் மாத உதவித்தொகை கிடைக்கும். 4,000 ரூபாயாக இருந்த இது, 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ரூபாய். கொடி நாள் நிதியிலிருந்து வரும் பணம் இது. விண்ணப்பம் இணையத்தில், சரிபார்த்துப் பரிந்துரைப்பது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். டிஸ்சார்ஜ் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களும், அடையாள அட்டையும், வயதுச் சான்றும், வங்கி விவரமும் தேவை.

பழைய 10 ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்து, ரிசர்வில் (தேவைப்பட்டால் திரும்ப அழைப்பதற்கான பட்டியலில்) வைக்கப்படாமல் அனுப்பப்பட்டவர்களுக்கு இன்னொரு செய்தி. டி.எஸ். தாஸ் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம், ரிசர்விஸ்ட் ஓய்வூதியம் கிடையாது, ஆனால் தகுதியுள்ளவர்கள் சிறப்பு ஓய்வூதியம் கோரலாம் என்ற வழியைக் காட்டியது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் விடுவிப்புக்கான காரணம் என்னவென்று எழுதியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளையில் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் கேளுங்கள். இதை இ-சேவை மையத்தில் விசாரித்துப் பயனில்லை.

10. ஏமாற்றுபவர்களும் புகார் செய்யும் முறையும்

ஸ்பர்ஷ் அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், வாழ்நாள் சான்று காலாவதியாகிவிட்டது, ஓ.டி.பி. சொல்லுங்கள் என்று அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். எந்த அலுவலகமும் ஓ.டி.பி. கேட்காது. உண்மையான தளத்தின் முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடியும். வாட்ஸ்அப்பில் வரும் இணைப்புகளைத் தொடாதீர்கள். நிலுவை வாங்கித் தருகிறேன், வருவதில் இத்தனை சதவீதம் கொடுங்கள் என்று வீட்டு வாசலுக்கே வரும் தரகர்களும் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதும் மேலே சொன்ன வேலைகளையேதான். நோட்டரி, ஸ்கேன், தபால், போக்குவரத்து தவிர இதில் உங்களுக்குச் செலவே இருக்கக் கூடாது.

விண்ணப்பம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தால், முதலில் ஸ்பர்ஷிலேயே குறை பதிவு செய்து எண் வாங்குங்கள். பதில் இல்லையென்றால், அல்லது ‘தீர்க்கப்பட்டது’ என்று ஒன்றும் செய்யாமலேயே மூடிவிட்டால், மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளத்தில் அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். கட்டணம் இல்லை, 21 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2024 முதல் உள்ள விதி. ஒரு புகாரில் ஒரே ஒரு குறை மட்டும் எழுதுங்கள். பெயர்த் திருத்தம், 80 வயதுக் கூடுதல், கம்யூட்டேஷன் மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதினால், எளிதானதுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள்.

அதற்கும் மேல் போக வேண்டும் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. ‘ஏன் தாமதம்’ என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்ல மாட்டார்கள். ‘இந்தத் தேதியில் நான் அனுப்பிய விண்ணப்பம் இன்று எந்தப் பிரிவில், எந்தப் பொறுப்பில் இருப்பவரிடம் உள்ளது, அதன் மீது இதுவரை எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் வேண்டும்’ என்று கேளுங்கள். மனுவில் அப்பாவின் கையெழுத்தே இருக்கட்டும். கை நடுங்கினால் கட்டைவிரல் ரேகை வைத்து, பக்கத்தில் சாட்சிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.